எம்ஜிபி எஞ்சினில் இன்னும் எத்தனை குதிரைத்திறன்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினை இறக்கும்போது பெரும்பாலும் ஒரே ஆசைதான் எட்டிப் பார்க்கும். எப்படியும் பிரித்தாகிவிட்டது, அப்படியே கொஞ்சம் பவரையும் ஏற்றிவிட்டால் என்ன? எவ்வளவு ஏற்றலாம், எந்த வழியில் ஏற்றலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற கேள்விகளுக்கு அறுபது வருடங்களாகப் பட்டறைகளிலும் பந்தயத் திடல்களிலும் விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளை ஒரே எஞ்சினை வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. எஞ்சின், எம்ஜிபி காரின் 1798 சிசி 'பி சீரிஸ்'.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஏபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்கள் தயாராயின. உதிரி பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த எஞ்சினில் செய்துபார்க்காத சோதனை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். நம்மவர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. நம் அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் விட்டம் மட்டும் அம்பாசிடரில் சுமார் 73, எம்ஜிபியில் 80.26. சென்னைப் புதுப்பேட்டையில் அம்பாசிடர் ஹெட்டைக் கழற்றிப் பழகிய மெக்கானிக்கை எம்ஜிபி பானெட்டின் முன் நிறுத்தினால், பாதிக்கு மேல் அவருக்கு அறிமுகமான பொருளாகவே இருக்கும்.

1962இல் இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 5400 சுழற்சியில் 95 குதிரைத்திறன், 3000 சுழற்சியில் 110 பவுண்டு-அடி முறுக்குவிசை. முதலில் கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள் இருந்தன. 1964 கடைசியில் அவை ஐந்தாயின. பவர் ஏற்ற நினைப்பவர்கள் இந்த ஐந்து பேரிங் பிளாக்கைத்தான் தேடுவார்கள். அமெரிக்காவுக்குப் போன கார்களின் கதை பரிதாபம். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 1975 முதல் இரட்டை கார்புரேட்டரைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க்கை வைத்தார்கள். திறன் 60 சொச்சத்துக்கு இறங்கியது. அப்படிப்பட்ட காரில் பழைய இரட்டை எஸ்யூ கார்புரேட்டரையும் அதற்கேற்ற மேனிஃபோல்டையும் திரும்பப் பூட்டினாலே, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் கணிசமான பவர் வந்துவிடும்.

இங்கேயே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இழந்த பவரை மீட்பது ஒரு வேலை, இல்லாத பவரை வரவழைப்பது வேறு வேலை. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கின்றன. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, ஆயில் குடித்து, நீலப் புகை அடிக்கும் எஞ்சினில் 95 குதிரைகள் எங்கே இருக்கும்? அதை ஒழுங்காகப் புதுப்பித்தாலே ஓட்டுபவருக்குப் புது கார் வாங்கியது போல இருக்கும். அந்தப் பெருமை முழுவதும் அன்று மாட்டிய பளபளப்பான ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எஞ்சினை இறக்குமுன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுப்பது அதனால்தான் முக்கியம். நல்ல நிலையில் உள்ள எம்ஜிபி எஞ்சின் ஒவ்வொரு சிலிண்டரிலும் 150 முதல் 170 பிஎஸ்ஐ வரை காட்டும். நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே கோளாறு. அது ரிங்கா வால்வா என்று அறிய, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அழுத்தம் ஏறினால் ரிங் போயிருக்கிறது. ஏறாவிட்டால் சந்தேகம் வால்வின் மேல்.

பிளாக் பட்டறைக்கு வந்ததும் முதலில் தேவைப்படுவது போர் கேஜ். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டும். மேல் ரிங் எட்டும் எல்லை வரை சுவர் தேய்ந்து, அதற்கு மேல் தேயாமல் நின்ற விளிம்பு அது. கேஜை அந்தப் படிக்குச் சற்றுக் கீழே இறக்கி மெல்ல ஆட்டினால், முள் ஓடி ஓரிடத்தில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் படிப்பதுதான் உண்மையான விட்டம். பிறகு அதே உயரத்தில் 90 டிகிரி திருப்பி ஒரு தரம், நடுவில் இரண்டு தரம், அடியில் இரண்டு தரம். மேலே அதிகமாகவும் அடியில் குறைவாகவும் தேய்ந்திருக்கும். எரிந்த வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்தும் விசை மேலேதான் அதிகம், ஆயில் போய்ச் சேருவதும் அங்கேதான் குறைவு. குறுக்கு வாட்டத்தில் ஓவலாகியிருப்பதற்குக் காரணம், கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளும்போது பிஸ்டன் ஒரு பக்கமாகவே உரசுவது. இந்த அளவுகளைக் குறித்துக்கொள்ளாமல் பிஸ்டன் ஆர்டர் செய்கிறவர் சூதாடுகிறார்.

ரீபோர் செய்யும்போது எவ்வளவு போர் அடிப்பது என்பதில் ஆசை நுழைந்துவிடும். அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு வரை பெரிதாக்குவது வழக்கம். அப்போது கொள்ளளவு சுமார் 1868 சிசி ஆகும். சுவர் தடிமன் அனுமதிக்கும் பிளாக்கில் 83.58 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1950 வரை போனவர்களும் ஏராளம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் 1798இலிருந்து 1868 என்பது நான்கு சதவீதம்தான். எப்படியும் போர் அடித்தாக வேண்டும் என்ற நிலையில் அந்த நான்கு சதவீதத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. தேய்மானம் 20 பங்கிலேயே போய்விடும் என்றால் வெறும் ஆசைக்காக 60க்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த ரீபோருக்கான உலோகத்தை இன்றே செலவழிப்பது அது. 1950க்குப் போகிறவர் பிளாக்கின் சுவர் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்க்காமல் போகவே கூடாது. வார்ப்பில் கோர் சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் இருக்கும். போர் அடிக்கும்போது தெரியாத அது, பிறகு சூட்டில் தண்ணீராகக் கசியும்.

கிராங்க் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எம்ஜிபி கிராங்க் உறுதியானது. ஐந்து பேரிங் கிராங்கை கிரைண்ட் செய்து, விரிசல் சோதனை பார்த்து, புது ஷெல் போட்டு, பேரிங் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவில் நின்றால் சாலைக்குப் போதும். தவற விடக்கூடாதது பேலன்ஸிங். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் மூன்றையும் சேர்த்து டைனமிக் பேலன்ஸ் செய்து, ராட்களையும் பிஸ்டன்களையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தால் பவர் பெரிதாக ஏறாது. ஆனால் ஏறப்போகும் பவரைத் தாங்கும் உடம்பு வரும். காரணம், 88.9 என்பது நீண்ட ஸ்ட்ரோக். 6000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.8 மீட்டர். 7000இல் அது 20.7. வேகம் ஆறில் ஒரு பங்குதான் ஏறுகிறது என்றாலும், பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது ராட்டின் மேல் விழும் இழுவிசை சுழற்சியின் இருமடியில் ஏறும். 36 சதவீதம் கூடுதல். 6000க்குக் கீழே சாதுவாக இருக்கும் எஞ்சின் 7000இல் ராட் போல்ட்டைச் சோதிப்பது இதனால்தான்.

இனி முக்கியமான கணக்கு. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் வருவது. எம்ஜிபி 3000 சுழற்சியில் 110 பவுண்டு-அடி தருகிறது. 5400க்குப் போவதற்குள் அது 92க்கு இறங்கிவிடுகிறது. 95 குதிரைக்கு இதுதான் பொருள். அதே 110ஐ 6000 வரை விடாமல் பிடித்து வைக்க முடிந்தால், வேறு எதையும் செய்யாமலே 125 குதிரைத்திறன் கிடைத்துவிடும். ஆக, கேள்வி 'எப்படி அதிகம் எரிப்பது' என்பதைவிட, 'வேகம் ஏற ஏற எஞ்சினுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது' என்பதாக மாறுகிறது. மூச்சு முட்டும் இடம் சிலிண்டர் ஹெட்.

இந்த ஹெட்டின் எரியறை இதய வடிவத்தில் இருக்கும். காற்றோட்ட ஆய்வில் பெயர் பெற்ற ஹாரி வெஸ்லேக்கின் வடிவமைப்பு அது. அந்தக் காலத்துக்கு நல்ல வேலை. குறை போர்ட்களில்தான். நான்கு சிலிண்டருக்கு உள்ளிழுக்கும் வாசல் இரண்டே, வெளியேற்றும் வாசல் மூன்று. ஒன்றாம் சிலிண்டரும் இரண்டாம் சிலிண்டரும் ஒரே வாசலில் மூச்சு விட வேண்டும், மூன்றும் நான்கும் அப்படியே. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் இரண்டு உறிஞ்சி முடிப்பதற்குள் ஒன்று உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அதன் பிறகு அந்த வாசலில் நீண்ட ஓய்வு. ஒரு சிலிண்டரின் பங்கை அடுத்தது தட்டிப் பறிக்கும் இந்த நிலை வேறு கேம் ஷாஃப்ட் போட்டவுடன் சரியாகிவிடாது. கேம் எவ்வளவு நேரம் வால்வைத் திறந்து வைக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பறிப்பும் கூடும்.

இருந்தும் ஹெட்டில் செய்யும் வேலைதான் கொடுத்த காசுக்கு அதிகம் தருகிறது. எம்ஜிபி ஹெட்களை ஆராய்ந்து எழுதிய பீட்டர் பர்கஸ் போன்றவர்களின் அனுபவமும் அந்தத் திசையில்தான் காட்டுகிறது. வாசலைக் கண்டபடி குடைந்து பெரிதாக்குவது ஹெட் வேலை இல்லை. போர்ட்டைக் கண்ணாடி போல மெருகேற்றிப் படம் எடுத்து அனுப்பும் பட்டறைகளை நான் நம்புவதில்லை. காற்றுக்கு மெருகு முக்கியமில்லை. வால்வுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குள் நடப்பதுதான் முக்கியம். வால்வு சீட்டின் 45 டிகிரி முகத்துக்கு மேலே 30, கீழே 60 என்று மூன்று கோணமாக வெட்டி, அதன் அடியிலிருக்கும் கூர் விளிம்பை வளைவாக இழைத்து, வால்வு கைடைச் சுற்றியுள்ள தேவையற்ற தடிப்பைக் குறைத்தால் காற்று திரும்பும் இடம் சீராகும். நீல மை தடவி வால்வைத் தட்டிப் பார்த்தால், சுற்றிலும் அறுபடாத ஒரே அகல வளையம் பதிய வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால் அந்த வால்வு எரிந்துபோகும். பின்னாளில் கம்பெனியே இன்லெட் வால்வை 1.565 அங்குலத்திலிருந்து 1.625 ஆக்கியது. பரப்பு எட்டு சதவீதம் கூடியது. அந்தப் பெரிய வால்வு ஹெட் கிடைத்தால் வேலை சுலபம்.

ஹெட் வாங்குமுன் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு இடையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடு வாசல் ஒன்றையே இருவரும் பகிர்வதால் சூடு அங்கே குவிகிறது. அதோடு இந்த ஹெட்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்க்கப்பட்டவை. எக்ஸாஸ்ட் சீட்டுக்கு ஈயமே பாதுகாப்புப் படலமாக இருந்தது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் கடையை மூடியது. அன்றிலிருந்து கடினமாக்கிய சீட் இன்சர்ட் பதிப்பது கிட்டத்தட்ட கட்டாயம். அதைச் செய்யாத ஹெட்டில் சீட் மெல்ல உள்வாங்கும், வால்வு இடைவெளி காணாமல் போகும், ஒரு நாள் கம்ப்ரஷன் இறங்கும்.

கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அனுபவமுள்ளவரும் தடுமாறுகிறார். பந்தயக் கேம் 4000க்கு மேல் உயிர்பெற்றுப் பாயும். ஆனால் அண்ணா சாலை டிராஃபிக்கில் ஐடிலில் நின்று துடிக்கும், கீழ்ச் சுழற்சியில் புல்லிங் இருக்காது. சாலைக்கு ஓட்டுபவருக்கு மிதமான 'ஃபாஸ்ட் ரோட்' கேம் போதும். புது கேமை விடப் பெரிய ஆபத்து புது ஆயில். தட்டையான அடிப்பாகம் கொண்ட டேப்பட்டின் மேல் கேம் லோப் உரசும் அழுத்தம் எஞ்சினிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. அதைக் காத்தது ஆயிலில் இருந்த துத்தநாகக் கலவை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற நவீன ஆயில்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். விளைவு, சில ஆயிரம் கிலோமீட்டரில் லோப் தேய்ந்து உருண்டையான கேம்கள். புது கேமுக்கு அசெம்பிளி பேஸ்ட் தாராளமாகப் பூசி, எஞ்சினை இயக்கியவுடன் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 சுழற்சியில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். அந்தச் சுழற்சியில்தான் லோப்களுக்கு ஆயில் தெறித்துப் போய்ச் சேரும்.

கம்ப்ரஷனைக் கூட்டுவது அடுத்த ஆசை. 8.8இலிருந்து 9.5க்கு ஏற்றினால் கோட்பாட்டளவில் வெப்பத் திறன் இரண்டு சதவீதம் ஏறும். நடைமுறையில் ஓரிரு குதிரை. அதற்கு மேல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு எம்ஜி கம்பெனியின் சொந்த வீட்டிலேயே பாடம் இருக்கிறது. 1958இல் வந்த எம்ஜிஏ ட்வின் கேம், இதே பி சீரிஸ் பிளாக்கின் மேல் இரட்டை கேம் அலுமினிய ஹெட் வைத்தது. 1588 சிசியில் 108 குதிரைத்திறன், 9.9 கம்ப்ரஷன். பேப்பரில் அற்புதம். பிஸ்டன்கள் ஓட்டை விழுந்து திரும்பி வந்தன. கம்பெனி கம்ப்ரஷனை 8.3க்கு இறக்கிப் பார்த்தது, பெயர் கெட்டது கெட்டதுதான். 2111 கார்களோடு 1960இல் கதை முடிந்தது. தாறுமாறான டைமிங்கும் மட்டமான பெட்ரோலும் குற்றவாளிகள் என்று சொல்லப்பட்டது. குறிப்பிட்ட சுழற்சியில் கார்புரேட்டர்கள் அதிர்ந்து, மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்துக் கலவை மெலிந்தது ஒரு முக்கியக் காரணம் என்பது பிற்கால உரிமையாளர்களின் அனுபவம். கலவை மெலிந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால், பிளக் மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திராமல் மிச்சமுள்ள கலவை தானே வெடிக்கும். நாக் அடிப்பது என்று நாம் சொல்லும் அதுவே பிஸ்டனின் தலையைத் துளைக்கிறது. கம்ப்ரஷனை மட்டும் தனியாக ஏற்ற முடியாது, கலவையும் டைமிங்கும் சூடும் அதன் கூடவே வரும்.

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்ட இன்று இதை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். எத்தனால் நாக்கை அடக்கும், அது நல்லது. ஆனால் அதற்குக் காற்றோடு சேர வேண்டிய விகிதம் வேறு. பழைய ஜெட்டில், பழைய ஊசியில் ஓட்டினால் கலவை மெலியும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மிதவை சீல்களையும் அது தின்னும். எஞ்சின் இறங்கியிருக்கும்போதே இவற்றை மாற்றிவிட்டு, எஸ்யூவுக்குச் செழுமையான ஊசி போடுவதுதான் புத்திசாலித்தனம்.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, ஏனென்றால் அது தேவைக்கு மேல் பேசப்பட்ட பொருள். 45 வெபரின் சத்தமும் அழகும் யாரையும் மயக்கும். ஆனால் ஹெட்டைத் தொடாமல் வெபர் போட்டால் குறுகிய வாசலின் முன் பெரிய கதவு வைத்த கதைதான். நன்றாகப் புதுப்பித்த இரட்டை எஸ்யூ 110 குதிரை வரை சிரமப்படாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் 1.75 அங்குல எச்எஸ்6. டிஸ்ட்ரிபியூட்டரின் எடையும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம். எக்ஸாஸ்டுக்கு மூன்றுக்கு ஒன்று மேனிஃபோல்ட் நன்று, பழைய வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டும் அவ்வளவு மோசமில்லை.

சூப்பர்சார்ஜர் எம்ஜியின் ரத்தத்தில் இருக்கிறது. 1933இல் டாட்ஸியோ நுவோலாரி அல்ஸ்டர் டூரிஸ்ட் டிராஃபியை வென்ற கே3 மேக்னெட் சூப்பர்சார்ஜ் செய்தது. 1957இல் ஸ்டிர்லிங் மாஸ் அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் மணிக்கு 245 மைல் ஓட்டிய இஎக்ஸ்181, ட்வின் கேம் பி சீரிஸ் வகை ஒன்றரை லிட்டர் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் பூட்டியது. இன்று எம்ஜிபிக்குச் சிறு அழுத்த சூப்பர்சார்ஜர் கிட் கிடைக்கிறது. வாசல்கள் பகிரப்பட்டாலும் காற்றைத் தள்ளி உள்ளே அனுப்புவதால், இந்த ஹெட்டின் பலவீனத்துக்கு அதுவே நேரான மருந்து. ஆனால் கம்ப்ரஷன் குறைவாக, பிஸ்டன் வலுவாக, கூலிங் சரியாக இருக்க வேண்டும். பழைய எஞ்சினின் மேல் நேரடியாகப் பூட்டுவது அதன் ஆயுளை முடித்துவைப்பதற்குச் சமம்.

இன்னும் அதிகம் வேண்டும் என்கிறவருக்குக் கம்பெனியே விடை சொல்லிவிட்டது. ப்யூக்கின் பழைய அலுமினிய எஞ்சினிலிருந்து வந்த 3528 சிசி ரோவர் வி8, எடையில் இரும்பு பி சீரிஸோடு ஏறத்தாழ சமம். கென் காஸ்டெல்லோ என்பவர் அதை எம்ஜிபிக்குள் இறக்கி விற்கத் தொடங்கிய பிறகு, 1973இல் கம்பெனியும் 137 குதிரைத்திறன் கொண்ட எம்ஜிபி ஜிடி வி8ஐக் கொண்டுவந்தது. 1976 வரை 2591 கார்கள். நான்கு சிலிண்டரைப் பிழிந்து 150 எடுக்கச் செலவிடும் பணத்துக்கு, குறையாமல் 137 தந்து சோம்பலாக ஓடும் வி8 கிடைக்கும் என்றால் என் ஓட்டு வி8க்கு. ஆனால் அது வேறு காராகிவிடும், வேறு ஆளுக்கான கார்.

நான்கு சிலிண்டரிலேயே நிற்க விரும்புபவருக்கு நான் சொல்வது இது. 1963இல் லு மான்ஸில் ஓர் எம்ஜிபி மல்சான் வளைவின் மணலில் புதைந்து, ஓட்டுநர் ஆலன் ஹட்செசன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டி வெளியே எடுத்த பிறகும், பன்னிரண்டாவது இடத்தில் முடித்தது. 1965இல் பதினொன்றாவது. இந்த எஞ்சினின் பெருமை உச்ச வேகத்தில் இல்லை, நின்று ஓடும் தன்மையில் இருக்கிறது. நல்ல ஹெட், மிதமான கேம், 9.5 கம்ப்ரஷன், சரியாகக் கட்டிய அடிப்பாகம் என்றால் 110 முதல் 125 வரை நம்பி ஓட்டலாம். அதற்கு மேல் ஒவ்வொரு குதிரையும் இரட்டை விலை. பணம் முதலில் ஹெட்டுக்குப் போகட்டும், பிறகு பேலன்ஸிங்குக்கு, அதற்கடுத்து பிரேக்குக்கு. கார்புரேட்டர் கடைசியில். வேலையைத் தொடங்குமுன் டைனோவில் ஒரு தரம் ஓட்டி, அந்தத் தாளையும் கம்ப்ரஷன் அளவுகளையும் பத்திரமாக வையுங்கள். முடித்த பிறகு அதே டைனோவில் மீண்டும் ஓட்டுங்கள். அந்த இரண்டு தாளையும் காட்டாமல் எத்தனை குதிரை ஏறியது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.